நாடகாசிரியர் சங்கரதாஸ சுவாமிகள்

நமது ஊர்க் கோயில் வீதிகளிலே திருவிழாக் காலத்திற் கொட்டகையிட்டு விடியுமட்டும் ஆடப்படும் வள்ளி திருமணம், சத்தியவான் சாவித்திரி, பவளக்கொடி முதலிய இசை நாடகங்களைக் கண்டும் கேட்டும் வளர்ந்தோர் நம்முள் அநேகர். தினைப்புனங் காக்கும் வள்ளியம்மையார் பாட்டை முணுமுணுப்பவரைக் கேட்டால், வள்ளியாக வந்தவர் பெயரைச் சொல்வர். ஆர்மோனியம் வாசித்தவர் பெயரையும் ஒருவேளை சொல்வர். பாட்டை ஆக்கியவர் யார் என்று கேட்டால் மாத்திரம் விடை வருதல் அரிது. அவர் திரைக்குப் பின்னே நின்றவர். தூத்துக்குடிச் சீமையிற் பிறந்து புதுவையிலே உடல் நீத்த சங்கரதாஸ சுவாமிகளே அவர்.

சைவம் பேசும் இப்பத்திரிகையிலே கூத்துக்காரர் ஒருவருடைய சரித்திரம் எதற்கு என்று முகஞ்சுளிப்பாரும் உளராகலாம். அவர்கட்கு ஒன்று நினைவூட்டுவோம். நல்லூர்க் கந்தப்பிள்ளை நாடகங்கள் பல பாடியவர். அவர் ஒரு நாடகத்தை முற்றுவியாது சிவபதமடைய, எஞ்சிய பகுதியை ஒன்பது வயதுப் பாலராகிய அவர் இளைய புதல்வர் பாடி முடித்தார் என்பது வரலாறு. அப்புதல்வரே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள். அன்றியும், நாம் இங்கே சொல்லப் புகுந்தது ஓர் ஆசிரியருடைய சரித்திரம். ஆசிரியர்கள் அதனைப் படித்தல் தகும்.

1867-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7-ஆந் திகதி தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிலே தாமோதரக் கணக்கப்பிள்ளை என்பவருக்கு மகனாகப் பிறந்தார். பிள்ளைத்திருநாமம் சங்கரன். தந்தையார் இராமாயணப் பிரசங்கத்தில் வல்லவராய் இராமாயணப் புலவர் எனப் பெயர் பெற்றவர். ஆகவே முதற் பள்ளிக்கூடம் வீடே ஆயிற்று. பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளை அடைந்து யாப்பும் இலக்கணமும் கற்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கே அவருக்கு ஒருசாலை மாணாக்கர். பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் வருத்தமின்றிப் பாடினார் என்பர். பாட்டு வயிற்றுக்குச் சோறிடாது. ஆதலால் உப்புக் கம்பெனி ஒன்றிற் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். தமிழ்ப்புலவர் ஒருவர் உப்பு மூடைகளுக்குக் கணக்கு வைத்தல் நம்மவர்க்குப் புதுமையன்று.

இருபத்துநான்காவது வயதில், 1891-ஆம் ஆண்டிலே, அவ்வேலையை உதறி நாடகக் கம்பெனியிற் புகுந்தார். அதே ஆண்டிலேதான் சென்னையிற் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தாபித்தார். அச்சபையார் ஆங்கிலங் கற்றவர், வேறு உத்தியோகம் உள்ளவர், பொழுதுபோக்காக நடித்தவர். சங்கரதாஸர் புகுந்ததோ கூத்தாடிகள் என்று ஊரார் ஏளனஞ் செய்யும் தொழின்முறைக் கூட்டம். வாடகைக்கு வீடு கொடார், பெண் கொடார், ஆனால் இரவானாற் சீட்டு வாங்கிக்கொண்டு முன்வரிசையிலே அமர்வர்.

கலியாணராமையர், இராமுடு ஐயர் முதலியோருடைய சபைகளில் அவருக்கு வாய்த்தவை இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் ஆகிய வேடங்கள். ஆஜானுபாகுவான உடலும் இடிபோன்ற குரலும் அவற்றுக்கு இசைந்தன. அவ்விசைவே அவரை மேடையினின்றும் இறக்கியது. ஒரு நாள் நளதமயந்தி நாடகம் முடிந்து, விடியற்காலையிற் சனீசுவரன் வேடத்தோடு, பூசிய கருமை நீங்காமலே நீர்நிலைக்குச் சென்றார். துறையில் நின்ற பெண்ணொருத்தி அக்கோலத்தை மெய்யென்றெண்ணி அலறி வீழ்ந்து உயிர்விட்டாள் என்று நாடக உலகிலே வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாகப் பாசக்கயிற்றோடு முழங்கி வருகையிற் சபையிலிருந்த கருப்பவதி ஒருத்திக்குக் கருச்சிதைந்தது என்பதும் அவ்வாறே வழங்கும் செய்தி. அவர் வேடந் தரித்தலை விட்டார். நடிகன் ஒருவனுக்கு இவை பெருமையாய்த் தோன்றியிருத்தலும் கூடும். பறைசாற்றிப் பணம் பண்ணியிருத்தலும் கூடும். அவருக்கு அவை பாவமாய்த் தோன்றின. இந்த ஒன்றே அவர் உள்ளத்தை நமக்குக் காட்டப் போதியது என்போம்.

அதன்பின் சாமி நாயுடு சபையில் ஆசிரியராயும் சூத்திரதாரராயும் இருந்தார். சின்னாட்களில் உலகப்பற்றே கசந்தது. கோவணம் உடுத்துத் தலயாத்திரை புறப்பட்டார். முருகன் திருப்பதிகள் தோறும் பாடித் திரிந்தார். அன்றுமுதல் மக்கள் அவரைச் சுவாமிகள் என்றனர். மணஞ்செய்து கொள்ளாதவருக்கு அப்பெயர் கடைசிமட்டும் பொருந்திற்று.

யாத்திரையினிடையே புதுக்கோட்டையை அடைந்தபோது அவரை மீட்டுக் கலைக்குத் தந்தவர் மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவைக் கருநாடக இசையரங்குக்கு உரிய வாத்தியமாக்கிய லயமேதை இவரே. இவர் சுவாமிகளைப் புதல்வராகவே பாவித்துத் தம்மிடம் இருத்தித் தாளநுட்பங்களை யெல்லாம் உபதேசித்தார். சந்தமும் வண்ணமும் சுவாமிகள் கைக்கு எளிதில் அடங்கினமைக்கு இவ்வாசிரியரும் காரணர். அக்காலத்துச் சனங்கள் பார்சிக் கம்பெனிகளின் இந்துஸ்தானி மெட்டுக்களில் மயங்கிக் கிடந்தனர். சுவாமிகள் அம்மெட்டுக்களை வெறுத்தொதுக்கவில்லை. அவற்றுக்குள்ளே நல்ல தமிழை வைத்தார். அவற்றோடு வெண்பாவும், விருத்தமும், சிந்தும், கீர்த்தனையும் ஒரே இரவிற் கேட்கும்படி செய்தார். வசனங்களினிடையே குறளும் நாலடியும் கூறும் பொருள்களைப் பாத்திரத்தின் வாயிற் பொருந்தும்படி அமைத்தார். எழுத்தறியாத உழவன் ஒருவன் இரண்டணாச் சீட்டிலே பெற்ற தமிழ்க்கல்வி இதுவென்றால் மிகையாகாது.

இனி அக்கால நாடகசாலையின் உட்புறத்தைச் சிறிது நோக்குவோம். முன்னே தூக்கியும் விரித்தும் விடுதற்குரிய சித்திரப் படுதாக்கள். பின்னே அரிதாரக் கிண்ணமும் முத்துவெள்ளையும் சவுரியும் பரப்பிய தரை. இராஜபார்ட்காரர் ஒரு மூலையில், ஸ்திரீபார்ட்காரர் ஒரு மூலையில், பபூன் மற்றொரு மூலையில். ஒருவர் குடித்து வருவார். ஒருவர் வரவே மாட்டார். வந்தவரும் மேடையேறினால் எழுதியதை விட்டு வாயில் வந்ததைப் பேசுவார். எதிரே நிற்பவரை மடக்கிக் கைதட்டுப் பெறுவதே நோக்கம். கதை நடுவழியில் நிற்கும். வள்ளியும் நாரதரும் பாரதமோ இராமாயணமோ எதுவென்றில்லாது வாதிட்டுப் பொழுது விடியும். வேலு நாயர் முதலியோர் சபைகளிலே பல்லாண்டு ஆசிரியராயிருந்த சுவாமிகள் இச்சீர்கேட்டைத் திரைக்குப் பின்னின்று நாடோறும் கண்டு நொந்தவர். முதிர்ந்தவரைத் திருத்தல் இயலாது என்று கண்டு, சிறுவரைக் கொண்டு நாடகம் நடத்தத் துணிந்தார். 1910-ஆம் ஆண்டிற் சமரச சன்மார்க்க நாடக சபை தோன்றியது. 1918-ஆம் ஆண்டில் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. இதற்கும் அவரே ஆசிரியர்.

பால சபைகளைப் பற்றி நாம் பேசுமிடத்து ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. ஆறு வயது, ஏழு வயதுக் குழந்தைகளைப் பெற்றோர் வறுமை காரணமாகக் கம்பெனியாரிடம் ஒப்பந்தம் எழுதி விட்டுச் செல்வர். காலையிற் பாட்டு, பகலிலே வசனமும் ஒத்திகையும், இரவிலே நாடகம். நித்திரை நடுச்சாமத்துக்குப் பின். அடிக்கும் உதைக்கும் அக்காலச் சபைகளிற் குறைவில்லை. குரலுடையும் பருவத்தை அவர்கள் மகரக்கட்டு என்பர். அது வந்துவிட்டால் நேற்றுவரை கிருஷ்ணனாக நின்று மாலை பெற்றவன் இன்று படுதா இழுக்க வேண்டியதுதான். பள்ளிக்கூட வாயிலை மிதியாத பிள்ளைகள் பலர். நம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை அவ்வாறு கொண்டுபோனால் நாம் சும்மா இருப்போமா? இருக்கமாட்டோம், இருத்தலும் ஆகாது. சுவாமிகள் தொடங்கி வைத்த வழியிலே பின்வந்தோர் பலர் வியாபாரமே செய்தனர். இப்பழியில் ஒரு பங்கு அவரையும் சாருமா என்று நாம் பலகால் எண்ணியதுண்டு. முற்றும் சாராது என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

ஆயினும் அச்சபையிற் பயின்றோர் தம் ஆசிரியரைப் பற்றிப் பேசியவற்றையும் தராசின் மற்றைத் தட்டில் வைத்தல் வேண்டும். 1918-ஆம் ஆண்டில் ஆறு வயதுப் பாலனாகத் தமையன்மாரோடு வந்து சேர்ந்தவர் தி. க. சண்முகம், பின்னாளில் ஒளவை சண்முகம் எனப் புகழ் பெற்றவர். முதுமைவரை சுவாமிகள் பெயரைக் கைகூப்பியே சொன்னவர். ஆசிரியரது வரலாற்றை நூலாகவும் எழுதினார். அவர் வாயிலாக நாம் அறிவது, அச்சிறுவனை மனத்திற்கொண்டே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை இயற்றினார் என்பது. நான்கு மணிநேரம் நடிக்கத்தக்க நாடகம், நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுக்கள், வசனங்கள், யாவும் ஒரே இரவில், அடித்தலும் திருத்தலும் இன்றி எழுதி முடிக்கப்பட்டன. எழுதும் வேகம் வியப்புத்தான். நம்மை அதனினும் ஈர்ப்பது வேறொன்று. ஒரு பிள்ளையினுடைய குரல் எவ்வளவு எட்டும், நா எச்சொல்லிற் புரளும், எவ்வளவு நேரம் களையாமல் நிற்பான் என்று அளந்தறிந்து அவனுக்கென்றே பாடம் எழுதுதல் எத்தனை ஆசிரியர்க்குக் கைவரும்! நாம் அச்சிட்ட பாடப்புத்தகத்தைத் திறந்து நாற்பது பிள்ளைகளுக்கும் ஒன்றையே ஊட்டுகின்றோம்.

கிட்டப்பா அவரிடம் பயின்ற மற்றொருவர். பள்ளிப்படிப்பு அறியாத அச்செங்கோட்டைச் சிறுவர் தமிழகமே செவி சாய்த்த பாடகரானார். 1926-ஆம் ஆண்டளவிற் கொழும்பிலேதான் அவரும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து நடிக்கத் தொடங்கினர். 1933-ஆம் ஆண்டில் இருபத்தேழாம் வயதிலே கிட்டப்பா மறைந்தார்.

சுவாமிகள் இயற்றியன அறுபதுக்கு மேற்பட்டன என்பர். இன்று கிட்டுவன அவற்றுட் சிறு பகுதியே. பிரகலாதன், சிறுத்தொண்டர், பிரபுலிங்கலீலை, கோவலன், சதி அனுசூயா, இலவகுசா முதலியவற்றோடு ஷேக்ஸ்பியருடைய ரோமியோ ஜூலியத், சிம்பலீன் கதைகளையும் நாடகமாக்கினார். மிஷன் பள்ளிக்கூடத்திலே ஷேக்ஸ்பியரை நெட்டுருச் செய்து பரிசு பெற்ற நாம், வீதிக் கொட்டகையில் ஆடிய நாடகத்துக்கும் ஓர் ஆசிரியர் உளர் என்று அறிய நாற்பது வயது கழிந்தது. அதைச் சொல்லித் தருவார் அங்கே எவரும் இருந்திலர்.

அவர் பாடம் எவ்வளவு உறுதியானது என்பதை ஸ்பெஷல் நாடகங்களிற் காணலாம். மதுரையிலிருந்து வள்ளி வருவார். புதுக்கோட்டையிலிருந்து முருகன் வருவார். ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். ஒருவரையொருவர் முன்பின் கண்டிலர்; ஒத்திகை கிடையாது; இரவு பத்து மணிக்குச் சுருதி கேட்டு மேடையேறுவர். கதை பிசகாது நடக்கும். யாவரும் கற்றது சுவாமிகள் பாடம் ஒன்றே யாதலால். அவ்வழக்கம் தென்பாண்டி நாட்டில் இன்றும் உண்டு. நம் யாழ்ப்பாணத்து அண்ணாவிமாரும் அப்பாட்டுக்களைத் தம் வழியில் வைத்துப் பேணினர். நாட்டு நிலையாலும் சினிமாவாலும் நலிந்த இக்கலை இங்கே அருகியேனும் வாழ்கின்றது. பாடுவோர் தத்தம் விருப்பப்படி கூட்டியும் குறைத்தும் வந்தமையால் மூலம் எது, இடைச்செருகல் எது என்று பகுத்தல் இன்று பெருஞ்சிரமம். வாயிலே வாழ்ந்த நூலுக்கு இது வரும் விதியே.

1921-ஆம் ஆண்டிற் சுவாமிகளைப் பக்கவாதம் பற்றியது. கையும் காலும் முடங்கின. எமனாக முழங்கிய அவ்வாய் பேச்சிழந்தது. எழுதவும் இயலாது, சொல்லிக் கொடுக்கவும் இயலாது. ஆயினும் பால சபையினர் அவரைக் கைவிட்டிலர். தாம் செல்லும் ஊர்களுக்கெல்லாம் உடன்கொண்டு சென்றனர். பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரியிற் சபை முகாமிட்டிருந்த காலத்தில், 1922-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13-ஆந் திகதி இரவு, ஐம்பத்தைந்தாவது வயதிலே, சுவாமிகள் தேகவியோகம் அடைந்தார்.

அவர் சமாதி புதுவையிற் கருவடிக்குப்பத்தில் இருக்கின்றது. ஆண்டுதோறும் அந்நாளில் நாடக நடிகர்கள் அங்கே கூடி மாலையிட்டு, அவர் பாட்டுக்களை ஆர்மோனியத்தோடு பாடி வணங்குகின்றனர்.