ஏழிசை மன்னரும் ‘ராஜமுக்தி’யும்

களுபோவிலையில் என் இல்லத்துக்கு வரும் இசையன்பர் இருவரிடையே தீராத வழக்கொன்று உண்டு. எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ப் பாடல்கள் அவருடைய முந்திய பாடல்களுக்கு ஈடாகுமா என்பதே அது. தீர்ப்புக் கூறுமுன் அன்னாரது வாழ்க்கையைச் சற்று நோக்குதல் வேண்டும்.

மாயவரத்திற் பிறந்து, திருச்சியில் வளர்ந்து, நாடக மேடையிற் பயின்ற பாகவதர், 1934இல் ‘பவளக்கொடி’ வாயிலாகத் திரையுலகு புகுந்தார். ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’, ‘அசோக்குமார்’ ஆகியன அவர் புகழை உயர்த்தின. 1944இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்புகழின் உச்சியிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கிற் சிக்கிச் சிறை புகுந்தார். 1947இல் குற்றமற்றவரென விடுதலை பெற்றார்.

மறு ஆண்டு வந்ததே ‘ராஜமுக்தி’. பாபநாசம் சிவன் பாடல் புனைந்தார், சி. ஆர். சுப்பராமன் இசையமைத்தார். எனினும் படம் தோற்றது. காலம் மாறியிருந்தது. பாடவல்லார்தாம் நடித்தல் வேண்டுமென்னும் நியதி தளர்ந்து, பின்னணிப் பாடல் வேரூன்றி வந்தது. அப்படத்திலேயே வி. என். ஜானகிக்கு எம். எல். வசந்தகுமாரி குரல் கொடுத்தார்.

சிறை குரலைத் தேய்த்ததென்பார் ஒரு நண்பர். துயரம் அதனைக் கனிவித்ததென்பார் மற்றவர். பழைய மிடுக்குக் குறைந்ததை யானும் மறுக்கேன். ஆயினும், நெஞ்சுருகி நின்று பாடும் நிதானம் அங்கே மிகுந்துள்ளது. வசூல் கொண்டு படத்தை அளக்கலாம். பாட்டை அளத்தல் முறையன்று. பாகவதர் 1959 நவம்பர் 1ஆம் நாள் மறைந்தார். ‘ஹரிதா’ஸைப் போற்றுவோர் ‘ராஜமுக்தி’க்கும் ஒருமுறை செவி சாய்ப்பாராக.