இறைப்பராமரிப்பின் இல்லம்

மாதக் கடைசியில் கையில் காசில்லாதபோது நாம் ஆண்டவரிடம் அற்புதம் கேட்கிறோம். புனித யோசேப்பு பெனடிக்ட் கொத்தலெங்கோ அத்தகைய அற்புதங்களை நம்பியே வாழ்ந்த குரு.

1786-இல் இன்றைய இத்தாலியின் பிரா நகரில் பிறந்த இவர், தூரின் நகரில் பணியாற்றினார். 1827 செப்டம்பர் 2 அன்று, மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ளாத ஒரு கர்ப்பிணிக்கு நோயிற்பூசுதல் அளிக்கச் சென்றார். கணவரும் பிள்ளைகளும் கதறி அழ, அந்தத் தாய் இறந்துபோனார். அந்தக் காட்சி இவரது உள்ளத்தை உலுக்கியது.

1828 ஜனவரியில் வாடகை அறைகளில் சில படுக்கைகளோடு ஏழை நோயாளிகளுக்கான பணியைத் தொடங்கினார். 1831-இல் காலரா அச்சத்தால் அரசு அதை மூடியது. அவர் மனம் தளரவில்லை. 1832 ஏப்ரலில் வால்தோக்கோ பகுதியில் இறைப்பராமரிப்பின் சிறு இல்லத்தைத் திறந்தார். நிலையான வருமானம் இல்லை. நாளைக்கென்று சேமிப்பும் இல்லை. இல்லத்தார் இடைவிடாது செபித்தனர். தேவையானது நல்மனத்தோர் கைகள் வழியாக வந்தது. 1842-இல் இறந்த இவர், 1934-இல் புனிதரானார்.

அன்பானவர்களே, அந்தத் தாய்க்கு அற்புதம் கிடைக்காததற்குக் காரணம் கடவுள் அல்ல, மனிதர் மூடிய கதவுகளே. நாம் வேண்டும் அற்புதம் பிறர் கைகளால் நம்மை வந்தடைகிறது. பிறர் வேண்டும் அற்புதத்திற்கு நம் கைகள் திறந்திருக்கின்றனவா?