கேரண்ட் என்னும் தொழிலாளி

யுத்த சரித்திரம் எழுதுவோர் தளபதிகளின் பெயரையே முதலில் எழுதுகிறார்கள். சிப்பாயின் கையிலிருந்த ஆயுதத்தைச் செய்தவர் யார் என்று விசாரிப்பவர் குறைவு. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கக் காலாட்படை ஏந்திய எம்-1 துப்பாக்கியை அமைத்த ஜான் கேரண்ட் இதற்கு ஒரு விலக்கு. அவர் பெயரே துப்பாக்கிக்கும் பெயராகிவிட்டது. ஆயினும் அவர் வாழ்க்கையை அறிந்தவர் சிலரே. அது அறியத்தக்க வாழ்க்கை என்பது நமது அபிப்பிராயம்.

கானடாவில் கியூபெக் மாகாணத்து ஸான் ரெமி என்ற ஊரையடுத்த பண்ணையொன்றில் 1888 ஜனவரி 1-ந் தேதி அவர் பிறந்தார். தாய்மொழி பிரெஞ்சு. தாயார் இறந்தபின் தகப்பனார் குழந்தைகளுடன் அமெரிக்காவிலுள்ள கனெக்டிகட்டில் குடியேறினார். சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. பையன் துணி ஆலையில் தரை பெருக்கும் வேலைக்குப் போனான். ஆங்கிலம் பேசக் கற்றதும், யந்திரங்களின் மர்மத்தை அறிந்ததும் அங்கேதான். வாலிபப் பருவத்தில், அளவுக் கருவிகளுக்குப் பேர்பெற்ற பிரௌன் அண்டு ஷார்ப் கம்பெனியில் தொழிலாளியாக அமர்ந்தார். மயிரிழை அளவும் பிசகாமல் எஃகைக் கடையும் பழக்கம் அங்கே அவருக்குக் கைவந்தது. பிற்காலத்தில் அவரைக் காப்பாற்றியது இந்தப் பழக்கமே.

முதல் உலக யுத்தத்தின்போது அவர் அமைத்த ஓர் இலேசான யந்திரத் துப்பாக்கி சர்க்காரின் கவனத்தை இழுத்தது. 1919-ல் மாஸசூஸெட்ஸிலுள்ள ஸ்பிரிங்பீல்ட் ஆயுதசாலையில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. ஒவ்வொரு தடவை விசையை அழுத்தும்போதும் ஒரு குண்டு பாய வேண்டும். அடுத்த தோட்டா தானாகவே ஏற வேண்டும். அத்தகைய துப்பாக்கியை அமைப்பதே அவருக்கு இட்ட வேலை.

துப்பாக்கிக் குழலின் பின்வாயை அடைத்துப் பூட்டும் எஃகுத் துண்டுக்கு போல்ட் என்று பெயர். அதன் நடுவிலுள்ள துளையில் ஓடும் ஊசிக்கு பயரிங் பின் என்று பெயர். சுத்தியல் ஊசியின் வாலை அடிக்க, அதன் முனை தோட்டாவின் அடியிலுள்ள கேப்பைக் குத்த, மருந்து வெடிக்கிறது. கேரண்ட் முதலில் கண்ட உபாயம் நூதனமானது. வெடிக்கும் வேகத்தில் கேப்பு சற்றே பின்வாங்கும். அது ஊசியைப் பின்னே தள்ளும். அந்தத் தள்ளலைக் கொண்டே பூட்டைத் திறந்துவிடலாம் என்று அவர் கண்டார். பல வருஷம் உழைத்து அதைச் செய்தும் காட்டினார். ஆனால் 1925-ஆம் ஆண்டையொட்டி ராணுவம் தோட்டாவின் மருந்தை மாற்றி, கேப்பையும் அசையாதபடி இறுக்கிப் பதிக்க ஏற்பாடு செய்தது. கேரண்டின் உபாயத்துக்கு ஆதாரமே போய்விட்டது. வேறொருவராயிருந்தால் மனமுடைந்து விலகியிருப்பார். அவர் பழைய வேலையை ஒதுக்கிவிட்டு, வெடிமருந்தின் வாயுவைக் கொண்டு போல்ட்டை இயக்கும் முறையைப் புதிதாகத் தொடங்கினார்.

அவருடைய திறமையின் சிகரம் ஊசியும் போல்ட்டும் பொருந்தும் இடத்தில் இருக்கிறது. அந்த ஊசிக்குச் சுருள்வில் கிடையாது. துளையில் தாராளமாக ஓடும். போல்ட் வேகமாக முன்னே பாய்ந்து மூடும்போது ஊசியும் முன்னே பாயப் பார்க்கும். பூட்டு விழுமுன் கேப்பைக் குத்திவிட்டால் தோட்டா வெடித்துச் சிப்பாயின் முகத்தையே சிதைக்கும். எனவே கேரண்ட், ஊசியின் வாலில் ஒரு கொக்கி வைத்தார். துப்பாக்கியின் உடலில் குறுக்கே ஒரு பாலமும் அதில் ஒரு வெட்டும் அமைத்தார். போல்ட் முற்றும் திரும்பிப் பூட்டிக்கொண்டால்தான் கொக்கி வெட்டுக்கு நேராக வரும். அதுவரையில் பாலம் ஊசியைத் தடுத்து நிறுத்தும். பூட்டுத் திறக்கும்போதும் அதே பாலம் ஊசியைப் பின்னே இழுத்துவிடும்.

இதிலும் அளவே உயிர். ஊசிமுனை போல்ட்டின் முகத்துக்கு வெளியே நீளுவது ஓர் அங்குலத்தில் சுமார் இருபதில் ஒரு பங்கு. அது குறைந்தால் தோட்டா வெடிக்காது. மிஞ்சினால் கேப்பைத் துளைத்து வாயு பின்னே பீறிடும். ஊசி கனமாயிருந்தாலும் ஆபத்து என்று கண்டு, பிறகு அதன் உடலை ஒரு பக்கம் சீவி எடையைக் குறைத்தார்கள். கொக்கியோ பாலமோ தேய்ந்துபோனால் காவல் தளர்ந்துவிடும். அதனால்தான் ஆயுதசாலை அளவுகோல் வைத்து ஒவ்வோர் உறுப்பையும் சோதித்தது. லக்ஷக்கணக்கில் துப்பாக்கி செய்வதற்கான யந்திரக் கருவிகள் சிலவற்றையும் கேரண்டே வகுத்துக் கொடுத்தார்.

1936 ஜனவரியில் ராணுவம் அவர் துப்பாக்கியை அங்கீகரித்தது. 1957-ல் உற்பத்தி நிற்பதற்குள் 50 லக்ஷத்துக்கு மேற்பட்ட எம்-1 துப்பாக்கிகள் வெளிவந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தொகை பெற்றிருந்தாலும் கேரண்ட் பெருஞ்செல்வர் ஆகியிருப்பார். அவரோ தமது உரிமைகளைச் சர்க்காருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, மாதச் சம்பளத்துடன் திருப்தியடைந்தார். அவருக்கு ஒரு லக்ஷம் டாலர் சன்மானம் அளிக்க அமெரிக்கக் காங்கிரஸில் வந்த மசோதா நிறைவேறவில்லை. பதக்கங்கள் கிடைத்தன, 1953-ல் ஓய்வு கிடைத்தது. 1974 பிப்ரவரி 16-ந் தேதி, எந்த ஊரின் ஆயுதசாலையில் உழைத்தாரோ அந்த ஸ்பிரிங்பீல்டிலேயே காலமானார்.

கொல்லும் கருவியைச் செய்தவனைப் போற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆயுதம் யாருடைய ஆணைக்கு அடங்கி எதற்காகச் சுடுகிறது என்பதற்குப் பொறுப்பாளிகள் ஆள்வோரும் ஆளவைத்த ஜனங்களும். தன் கையிலிருந்து போகும் பொருள் அதை ஏந்தியவனையே கொன்றுவிடக்கூடாது என்பது தொழிலாளியின் பொறுப்பு. அந்தப் பொறுப்பைக் கேரண்ட் குறைவற நிறைவேற்றினார். அவர் பால் தனக்கிருந்த கடனை அவருடைய தேசம் அவ்விதம் தீர்க்கவில்லை. உழைத்தவன் கேட்கவில்லை என்பதாலேயே கடன் தீர்ந்துவிடாது. தொழிலாளியின் அறிவால் பலம்பெற விரும்பும் எந்த தேசமும் இதை மறக்கலாகாது.