குழியிலிருந்து வந்த குரல்!

வயது பத்து. பள்ளியிலே பாடம் படிக்க வேண்டிய பருவம். அந்தச் சிறுவனோ பூமிக்கடியில், கும்மிருட்டில், ஒரு கதவருகே உட்கார்ந்திருந்தான். கரி வண்டி வந்தால் கதவைத் திறக்க வேண்டும். போனதும் மூட வேண்டும். சுரங்கத்தின் காற்றோட்டத்தைக் காக்க அந்தக் கதவு. கதவைக் காக்க அந்தப் பாலகன்!

கீர் ஹார்டி என்பது அவன் பெயர். 1856 ஆகஸ்ட் 15-இல், ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயர் பகுதியில், வீட்டு வேலை செய்து பிழைத்த ஏழைத் தாய்க்குப் பிறந்தவன். சுரங்கத்துக்கு வருமுன் ரொட்டிக் கடையில் வேலை பார்த்தான். நோயுற்ற தம்பியைக் கவனித்ததால் இரண்டு நாள் தாமதம். முதலாளி வேலையையும் பறித்தார், கூலியையும் பிடித்தார். தட்டிக்கேட்கச் சட்டம் வந்ததா? வரவில்லை!

வளர்ந்தார். தொழிலாளரைத் திரட்டினார். சுரங்க முதலாளிகள் அவர் பெயரைக் கருப்புப் பட்டியலில் ஏற்றினர். எந்தக் குழியிலும் வேலையில்லை. அவர் அஞ்சவில்லை. பேனாவை எடுத்தார், மேடை ஏறினார். 1888-இல் தேர்தலில் நின்றார். கிடைத்தது 617 வாக்கு. கைகொட்டிச் சிரித்தனர் கனதனவான்கள். 1892-இல் லண்டனின் வெஸ்ட் ஹாம் தெற்குத் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. உயர்ந்த பட்டுத் தொப்பிகளுக்கு நடுவே, சாதாரணக் குல்லாயுடன் நுழைந்தார்.

1894 ஜூன் 23. அரண்மனையில் ஓர் இளவரசன் பிறந்தான். அதே நாளில், வேல்ஸ் நாட்டு ஆல்பியன் சுரங்கம் வெடித்து 290 பேர் மாண்டனர். குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் வந்தது. மாண்டவருக்கு இரங்கல் தீர்மானம்? ஹார்டி கேட்டார், வரவில்லை. வாழ்த்தை எதிர்த்துத் தனியொருவராக எழுந்து நின்றார். அவை கூச்சலிட்டது. அவர் உட்காரவில்லை! மறு ஆண்டே பதவி போனது. 1900-இல் வேல்ஸின் மெர்தர் டிட்ஃபில் தொகுதி, சுரங்கத் தொழிலாளர் ஊர், அவரைத் திரும்ப அனுப்பியது.

1910. ரோண்டா பள்ளத்தாக்கில் ஒரு குழி. கரியோடு கல்லும் கலந்த புது அடுக்கு. டன் கணக்கில் கூலி. கல்லை உடைத்தால் கூலி ஏது? வயிறு நிறையாது என்றனர் தொழிலாளர். சோம்பல் என்றது கம்பெனி; ஏறத்தாழ 950 பேரை வெளியே தள்ளிக் கதவடைத்தது. ஏறத்தாழ 12,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நவம்பரில், டோனிபாண்டித் தெருக்களில் போலீசின் குண்டாந்தடி பேசியது. லண்டனிலிருந்து போலீஸ் வந்தது. பின்னே பட்டாளமும் வந்தது. தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளி உயிர் துறந்தார். போலீசின் நடத்தை பற்றி விசாரணை வேண்டும் என்று பாராளுமன்றத்திலே கேட்டார் ஹார்டி. உள்துறை அமைச்சர் சர்ச்சில் மறுத்தார். 1911-இல் பசியோடு குழிக்குத் திரும்பினர் தொழிலாளர்.

சட்டத்தின் காலுக்கு வேகம் இல்லையென்று யார் சொன்னது? தொழிலாளியைத் தேடிச் செல்லும்போது ஓட்டம். முதலாளி வீட்டுக்கென்றால் நொண்டி நடை! மேலும் கேளுங்கள், தோழர்களே! வெடி நேர்ந்தால் காற்றை எதிர்த்திசையில் திருப்பும் ஏற்பாடு சுரங்கங்களில் வேண்டும் என்று 1911-இலேயே சட்டம் வந்தது. செங்கெனித் சுரங்கத்தில் கெடு முடிந்தும் அது செய்யப்படவில்லை. 1913 அக்டோபர் 14-இல் வெடித்தது. 439 தொழிலாளர் பிணமாயினர். நிர்வாகிக்கு அபராதம் 24 பவுன். கம்பெனிக்கு 10 பவுன். அங்கே குண்டாந்தடி போகவில்லை, பட்டாளமும் போகவில்லை. காற்றுக் கதவைக் காத்த சிறுவனுக்குத் தெரியும் அந்தக் காற்றின் விலை!

1915 செப்டம்பர் 26-இல் ஹார்டி மறைந்தார். கேட்ட விசாரணை கிடைக்கவில்லை. ஆனால் சுரங்கத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி என்ற கொள்கையை 1912-இல் சட்டமே ஏற்றது. 1947-இல் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. 2015-இல் பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமும் மூடப்பட்டது.

குழிகள் மூடப்பட்டுவிட்டன. அவர் எழுப்பிய கேள்வி மூடப்படவில்லை: உழைப்பவன் பிழைப்பைக் கேட்டால் தடியோடு ஓடிவரும் சட்டம், அவன் உயிர் போனால் மட்டும் ஏன் தயங்கித் தயங்கி வருகிறது?