வெள்ளம் கற்பித்த பாடம்: கட்டடக் கலைஞர் சினான்

பெருஞ்செயல்களை மேற்கொள்வோர் என்றேனும் ஒரு நாள் தோல்வியைச் சந்தித்தே தீர்வர். அந்நாளில் அவர்கள் செய்வது யாது என்பதைக் கொண்டே அவர்தம் தலைமையின் தரம் அறியப்படும். உஸ்மானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் விளங்கிய சினானின் வாழ்வு இதற்கு நற்சான்றாகும்.

1490-ஆம் ஆண்டையொட்டி, அனத்தோலியாவில் கைசேரி நகருக்கு அருகிலுள்ள ஆகிர்னாஸ் என்னும் சிற்றூரில், கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்தவர் சினான். இளமையிலேயே அரசுப் பணிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டு, இஸ்லாத்தைத் தழுவி, தச்சுத்தொழில் பயின்று, ஜானிசரிப் படையில் சேர்ந்தார். 1538-இல் மல்தாவியப் படையெடுப்பின்போது புரூத் ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டியிருந்தது. முன்னர் முயன்றோரின் வேலையெல்லாம் சேற்றில் அமிழ்ந்துபோயிற்று. அப்பணியை ஏற்ற சினான் 13 நாட்களில் பாலத்தை முடித்துக் கொடுத்தார். அதன் பின்னர் வெகு விரைவில் தலைமைக் கட்டடக் கலைஞர் பதவி அவரை வந்தடைந்தது.

இஸ்தன்பூலின் சுலைமானிய்யா பள்ளிவாசல் 1550 முதல் 1557 வரை கட்டப்பட்டது. கைவினைஞருள் ஏறத்தாழப் பாதிப்பேர் கிறித்தவர், மறுபாதியினர் முஸ்லிம்கள். அவர்தம் கூலிக் கணக்கேடுகள் இன்றளவும் காக்கப்பட்டுள்ளன. பணி நீண்டபோது, குவிமாடம் நிற்காது என்று வதந்தி பரவிற்று. சினம் கொண்ட சுல்தான் சுலைமான் நேரில் வந்து, எப்போது முடியும் என வினவினார். சினான் பிறர்மீது பழி சுமத்தாது, இரண்டு மாதத் தவணை கூறினார். இரவும் பகலும் வேலை நடந்தது. சொன்ன தவணையில் திறவுகோல் சுல்தானிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆயினும் மிகக் கடுமையான சோதனை 1563-இல் நேர்ந்தது. நகரின் நீர்ப்பஞ்சம் தீர்க்க, வடபுறக் காடுகளின் ஊற்றுநீரைக் கொண்டுவரும் கிர்க்செஷ்மே திட்டத்தைச் சினான் நடத்திவந்தார். பள்ளத்தாக்குகளைக் கடக்கத் தொட்டிப்பாலங்கள் எழுப்பப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பரில் பெருமழை கொட்டிற்று. வேட்டைக்குச் சென்றிருந்த சுல்தானே வெள்ளத்தில் சிக்கி அரிதின் உயிர்தப்பினார். திட்டத்தின் பெருமைமிக்க மாலோவா தொட்டிப்பாலம் இடிந்து வீழ்ந்தது. பல்லாண்டு உழைப்பு ஒரே நாளில் அழிந்தது. நகர மக்களின் தாகமோ தணியாது நின்றது.

சினான் பின்வாங்கவில்லை. சுல்தானும் பணியை வேறொருவரிடம் மாற்றிவிடவில்லை. வீழ்ந்த பாலத்தைச் சினானே மீண்டும் எழுப்பினார். புதிய பாலத்தின் தூண்கள் அடியில் அகன்று, மேலே செல்லச் செல்லக் குறுகி, பிரமிடு போன்ற வடிவில் அமைந்தன. அடிமட்டம் அகலமாய் இருப்பதால் நீரின் மோதலை அவை தாங்கவல்லன. 250 மீட்டருக்கு மேல் நீண்ட அப்பாலம் நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்கின்றது.

அதே வெள்ளம் பூயூக்செக்மெஜே கழிமுகத்துப் பழைய பாலத்தையும் சிதைத்திருந்தது. அங்குப் புதுப்பாலம் கட்டும் பொறுப்பும் சினானிடமே வந்தது. அவர் நீரை இறைத்து வெளியேற்றி, கட்டைகளை அடித்து இறக்கி, அடித்தளத்தை உறுதி செய்தார். நீர்ப்பரப்பில் மேடுகள் அமைத்து, நான்கு பகுதிகளாகப் பாலத்தைப் பிரித்தார். 1566-இல் சுல்தான் மறைந்தார், பணி நிற்கவில்லை. அடுத்த ஆண்டில் பாலம் நிறைவுற்றது.

இவ்வனுபவங்கள் அனைத்தையும் தாங்கியவராய், எண்பதை நெருங்கிய முதுமையில் எதிர்னே நகரில் சலீமிய்யா பள்ளிவாசலை அவர் 1568-இல் தொடங்கினார். எட்டுத் தூண்கள் தாங்கும் அதன் குவிமாடம் 31 மீட்டர் விட்டமுடையது. ஷெஹ்சாதே பள்ளிவாசலைத் தம் பயிற்சிக்காலப் பணி எனவும், சுலைமானிய்யாவைத் தேர்ந்த தொழிலாளியின் பணி எனவும், சலீமிய்யாவையே ஆசானின் பணி எனவும் அவர் மதிப்பிட்டதாக மரபு கூறும். உலகமே வியந்த ஒரு கட்டடத்தைப் பயிற்சி என்று உரைக்கத் துணிந்த அவ்வுள்ளத்திற்குத் தோல்வியும் ஒரு பாடமே.

1588-இல் மறைந்த சினான், சுலைமானிய்யாவின் மதிற்புறத்தே எளிய கல்லறையொன்றில் துயில்கின்றார். திட்டமிட்ட ஒரு செயல் சிதையும்போது, பழியை எவர்மீது ஏற்றலாம் எனத் தேடுவது எளிது. அடித்தளத்தை அகலப்படுத்துவதே அரிது. நாளை பொறுப்புகளை ஏற்கவிருக்கும் மாணவச் செல்வங்கள் அந்த அரியதனையே தேர்ந்து கொள்வார்களாக.