காவடிச் சிந்து தந்த கவிஞர்

கடையநல்லூரைச் சூழ்ந்த ஊர்களில் காவடி எடுப்போர் பாடும் மெட்டினைக் கேளாதார் அரியர். மக்கள் வாயில் வழங்கிய அம்மெட்டிற்கு இலக்கியத்தில் நிலைத்ததோர் இடம் தந்தவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் ஆவர்.

சங்கரன்கோயிலுக்கு அணித்தான சென்னிகுளத்தில் 1865-ஆம் ஆண்டு சென்னவ ரெட்டியாருக்கும் ஓவு அம்மாளுக்கும் மகனாக இவர் பிறந்தார். இளமையிலேயே தமிழார்வம் மிக்க இவர், திருவாவடுதுறை ஆதீனத்தை அடைந்து, சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவைப் பெற்றார், உ. வே. சாமிநாதையரிடமும் பாடங் கேட்டார்.

பின்னர், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் இவரைத் தம் அவைப் புலவராக அமர்த்திப் போற்றினார். சிற்றாற்றங்கரை வீரகேரளம்புதூரே அந்த ஜமீனின் தலைநகர். ஆங்கிருந்து ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றகாலை, நெடுவழியின் வருத்தம் தோன்றாவண்ணம் பாடப்பெற்றவையே இச்சிந்துகள் என்பது வழிவழி வரும் செய்தி.

அக்காலப் புலவர் பலர் சிந்தினைப் பாமரர் பாட்டெனக் கருதி ஒதுக்கினர். ரெட்டியாரோ அருங்கவி இயற்ற வல்லார். அடிதோறும் முதலெழுத்து மட்டும் வேறுபட, ஏனைய எழுத்துக்கள் ஒன்றிவரும் திரிபு யாப்பில் சங்கரன்கோயில் திரிபந்தாதி பாடியவர். வீரைத் தலபுராணமும் இவர் செய்ததே. அத்தகையார் தம் புலமை முழுவதையும் பாமரர் மெட்டில் பெய்தனர் என்பதே வியத்தற்குரியது. சுமையேந்தி நடப்போனின் அடிவைப்பிற்கு இயையத் தாளம் அமைத்தார். மோனையும் எதுகையும் இயைபும் செறியச் சொற்களைத் தொடுத்தார். கழுகுமலையின் நகர்வளமும் கோயில்வளமும் வாவிவளமும், முருகனைக் காதலித்த தலைவியின் துயரும் அம்மெட்டிலேயே இலக்கியச் சுவை பெற்றன. பொருள் முற்றும் உணராதாரும் இசையால் ஈர்க்கப்பட்டனர். உணர்ந்தார் இருமடங்கு இன்புற்றனர்.

1891-ஆம் ஆண்டு, ஏறக்குறைய இருபத்தாறு வயதில் ரெட்டியார் காலமானார். அவ்வாண்டில் எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதியார் ஒன்பது வயதுச் சிறுவர். பிற்காலத்தே அவர் நாட்டுப் பாடல்களுக்குச் சிந்து யாப்பைப் பெரிதும் கையாண்டனர். ரெட்டியார் செப்பனிட்ட வழி வீண்போகவில்லை.

திரிபந்தாதியைக் கற்றோர் சிலரே அறிவர். காவடிச் சிந்தோ இன்றும் கச்சேரி மேடையிலும் கழுகுமலைப் பாதையிலும் ஒலிக்கின்றது. கற்ற கல்வியைக் கல்லாதாரும் நுகரும்படி ஈந்தமையால் அவர் புகழ் நின்றது. நம் மாணவர் தம் கல்வியின் பயனை அளந்தறிதற்கு இதனினும் நல்ல அளவுகோல் வேண்டுவதில்லை.