சிப்பியிலும் கல்லிலும் ஒளியைத் தேடிய இராமன்

கதிரவெளிக் கடற்கரையில் ஒதுங்கும் சிப்பிகளிற் சிலவற்றின் உட்புறத்தைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் பச்சையும் இளஞ்சிவப்பும் மாறி மாறித் தோன்றும். அச்சிப்பியை நன்கு இடித்துப் பொடியாக்கினால் எஞ்சுவது வெறும் வெள்ளைப் பொடியே. அந்த நிறங்கள் எங்கே போயின? இந்த எளிய வினாவைத் தம் ஆய்வுக்கு உரியதாகக் கருதியவர் சேர் சி. வி. இராமன்.

1888 நவம்பர் 7 ஆம் திகதி திருச்சிராப்பள்ளியில் ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே, 1906 இல், ஒளி பற்றிய தமது முதலாவது ஆய்வுக் கட்டுரையை இங்கிலாந்துச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். ஆயினும் ஆராய்ச்சியை நம்பி வாழ்வு நடத்த இயலாத காலம் அது. 1907 இல் கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறை அதிகாரியானார். அலுவலகப் பணி போக எஞ்சிய நேரமெல்லாம் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆய்வுகூடத்திலேயே கழிந்தது. 1917 இல் அப்பதவியைத் துறந்து, அதனிலும் குறைந்த ஊதியத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928 பெப்ரவரி 28 இல் அவர் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு, 1930 இல் நோபல் பரிசை ஈட்டித் தந்தது.

பரிசு பெற்ற பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பெங்களூரில் சிப்பிகளையும் பறவை இறகுகளையும் ஆராய்ந்தார். சிப்பியின் உட்படலத்தில், மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் மெல்லிய தகடுகள் செங்கல் அடுக்கியதுபோல் ஒழுங்காக அமைந்துள்ளன. அவ்வொழுங்கே ஒளியைப் பிரித்து நிறங்காட்டுகிறது. பொடியாக்கும்போது ஒழுங்கு குலைகிறது, நிறமும் மறைகிறது.

1950 இல் அவரது கவனம் இலங்கையின் சந்திரகாந்தக் கல்லின்பால் திரும்பியது. அக்கல்லின் நீல ஒளிக்குச் சாயம் எதுவும் காரணமன்று. உள்ளே பிரிந்து நிற்கும் நுண்ணிய கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதே காரணம் என அவரும் சகாக்களும் விளக்கினர். பேருவளை இரத்தினக்கல் வணிகர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் இந்த ஒளியைத்தான். ஓப்பல் கல்லையும் அவர் ஆராய்ந்தார். அதனுள் நுண்ணிய சிலிக்கா மணிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டி 1964 இல் வெளிப்படுத்தி, அவரது விளக்கத்தைத் திருத்தியது. விஞ்ஞானம் வளரும் வழி அதுவே.

இறுவட்டின் வானவில் நிறங்களும், வங்கி அட்டையில் மின்னும் முத்திரையும் இதே நுண்ணொழுங்கின் விளைவுகளே.

1970 நவம்பர் 21 இல் இராமன் மறைந்தார். விலையுயர்ந்த கருவிகள் இருந்தாலன்றி விஞ்ஞானம் கைகூடாது என்னும் எண்ணம் எமது மாணவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. வாகரை போன்ற பிரதேசங்களின் பாடசாலைகளுக்கு ஆய்வுகூடங்கள் வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. எனினும் அவை வரும்வரை பிள்ளைகளின் வினாக்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சிப்பி, ஒரு பழைய இறுவட்டு, சாளரத்தினூடாக வரும் வெயில், வினவத் தூண்டும் ஓர் ஆசிரியர் ஆகியன போதும், பாடத்தைத் தொடங்கிவிடலாம் என்பதே எமது கருத்தாகும்.